எந்த ஆற்றின் கவிதை

1

நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்த அன்று என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவர் பௌதிக ஆசிரியர், நான் கணக்கு டீச்சர். கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். அவர் தன்னுடையதில் போடுவதற்குப் பேனாவைத் திறந்தார். நான் எனக்கு வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்டார். வீட்டு வாடகையா, வெயிலா, தலைமையாசிரியர் ஏதும் சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பது வயதை நெருங்குகிற, பதினோரு வயதில் பெண் வைத்திருக்கிற ஒருத்தி சொல்லக்கூடிய காரணமாக அது எனக்கே படவில்லை. கடைசியில் சொன்னேன்.

"எனக்கு இங்கன எழுத வரலை."

என் கணவர் சங்கரன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும்.

இந்த ஊருக்குப் பெயர் மவுன். ஆப்பிரிக்காவின் தெற்கே, போட்ஸ்வானா நாட்டில், கலகாரிப் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் திருநெல்வேலிப் பக்கம் சீவலப்பேரியில் இருக்கிற என் அண்ணன், மௌனத்தில் கடைசி எழுத்து உதிர்ந்துபோன மாதிரி இருக்கே என்றான். வந்த பிறகு அதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் இங்கே காலடி வைத்த நாளிலிருந்து நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை.

ஊரில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய கவிஞர் என்றெல்லாம் இல்லை. சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வரி வரும். வயலில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு, வாழைத்தார் ஏற்றிய சைக்கிள், மழையில் நனைந்துவிட்டு நனையாத மாதிரி நிற்கிற எருமை. அதை எழுதி அனுப்பினால் சிறுபத்திரிகைகளில் போடுவார்கள். அவ்வளவுதான். ஆனால் அது வந்துகொண்டிருந்தது. மூச்சு வருகிற மாதிரி, வருகிறது என்றே தெரியாமல்.

இங்கே யானை இருக்கிறது. வடக்கே போகிற சாலையில் அது மரத்தை முறித்துப் போட்டால் பஸ் நிற்கும். வரிக்குதிரையும் நீர்யானையும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் குட்டி விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்களிலெல்லாம், அங்கே கவிதை கொட்டுமே என்று எழுதியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் கொட்டவில்லை. யானையைப் பார்த்தேன். யானை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

சங்கரன் பேனாவை மூடி வைத்தார். ஒப்பந்தம் முடிந்ததும் கிடைக்கிற நீண்ட விடுப்பு இருந்தது. விடுப்பு முடியும்வரை கையெழுத்துக்கு அவகாசமும் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஊருக்குப் போவோம். அங்கன போயி உனக்கு எழுத வந்துட்டுன்னா நாம திரும்ப வராண்டாம். நான் அங்கனயே ஒரு வேலை தேடிக்கிடுதேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் போய், விடுப்பு முடிந்துதான் முடிவு சொல்வோம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு குடும்பத்தின் சோற்றைக் கவிதை என்ற ஒன்றின் மேல் தூக்கி வைத்துவிட்டோமே என்று.

2

கவிதை ஏன் வரவில்லை என்பதற்கு நான் பல காரணங்கள் வைத்திருந்தேன்.

முதல் காரணம் பெயர். இங்கே மரங்களின் பெயரெல்லாம் செட்ஸ்வானா மொழியில்தான் எனக்குத் தெரியும். மொபானே என்று ஒரு மரம். இலை வண்ணத்துப்பூச்சியின் இறக்கை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், உச்சி வெயிலில் தன்னை மடித்துக்கொள்ளும். எழுதவேண்டிய மரம்தான். ஆனால் "மொபானே" என்று தமிழில் எழுதினால் அடைப்புக்குறி போட்டு விளக்கம் எழுது என்று அது என்னைப் பார்த்துச் சொல்கிறது. விளக்கம் எழுதினால் கவிதை செத்துவிடுகிறது.

இரண்டாவது, என் பெயர். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போனால் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்பார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பெயரில்லாமல் எப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் உண்மையான இரக்கத்தோடு கேட்டாள். பிறகு என் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் காந்திமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நான் "ம்மா சுப்பையா". இறந்துபோன என் அப்பாவை வராந்தாவில் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

இங்கே பெண்ணுக்கு வணக்கம் சொன்னால் "துமெலா ம்மா", ஆணுக்கு "துமெலா ர்ரா". வந்த புதிதில் அவசரத்தில் தலைமையாசிரியரைப் பார்த்து "ம்மா" என்றுவிட்டேன். அவர் ஆறடி உயரம். பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். அவர் மட்டும் ரொம்ப மரியாதையாக, தன் தாயாரைத் தெரியுமா என்று கேட்டார்.

மூன்றாவது காரணம் என்று நான் வைத்திருந்தது என் மகள் உமா. அது காரணம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவள் ஆறு வயதில் இங்கே வந்தாள். பக்கத்து வீட்டு நெயோவோடு செட்ஸ்வானாவிலும், எங்களோடு பாதித் தமிழிலும் பேசுகிறாள். ஒருநாள் நான் சோற்றை வடித்துக்கொண்டே ஒரு பழைய வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள். கவிதை என்றேன். என்ன அர்த்தம் என்றாள். ஆங்கிலத்தில் சொன்னேன். எருமை மழையில் நிற்கிறது, அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதில்லை.

3

விடுப்பில் சீவலப்பேரியில் அண்ணன் வீட்டில் தங்கினோம். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மலையில் மழை, இங்கே சாரல்கூட இல்லாத வெறும் குளிர்ச்சி. நான் தினமும் காலையில் ஆற்றுக்குப் போனேன். தாமிரபரணியில் சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். மீன்கொத்தி வந்தது. பழைய மீன்கொத்திதான், அதே நீலம். உட்கார்ந்தது, பாய்ந்தது, மீனோடு போனது. நான் காத்துக்கொண்டிருந்தேன். வரி வரவில்லை. மறுநாள் மறுபடியும் போனேன். குருவி பிடிக்கக் கண்ணி வைத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

சங்கரன் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் நான் திரும்பி வரும்போது வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். இதற்கிடையில் பேட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்துவிட்டும் வந்திருந்தார். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, அது கிடக்கட்டும் என்றார். மதினிக்கு விஷயம் புரியவே இல்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு வருகிறோம் என்றால் அங்கே ஏதோ அவமானப்பட்டிருக்கிறோம் என்று அவளாக நினைத்துக்கொண்டு, எனக்கு ரசத்தில் கூடுதலாக நெய் விட்டாள்.

உமாவுக்கு ஊர் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்தது என்றும் சொல்ல முடியாது. யார் எது கேட்டாலும் "ம்" என்றாள். மாமா பெண்களோடு வயலுக்குப் போனாள், வாழைத்தோட்டத்தில் நடந்தாள். திரும்பி வந்ததும் என்னிடம், நெயோவுக்கு எத்தனை நாளில் கடிதம் போய்ச் சேரும் என்று கேட்டாள்.

செண்பகத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போனேன். நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். நான் எழுதினால் முதலில் அவளிடம் காட்டுவேன், அவள் எழுதினால் என்னிடம். அவள்தான் என்னைவிட நன்றாக எழுதினாள். இப்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. இரண்டு பையன்கள். எழுதுவதை விட்டு ரொம்ப நாளாகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "நிப்பாட்டணும்னு நிப்பாட்டலைட்டி. ஒரு நா பாத்தேன், நின்னுருந்துச்சு" என்றாள். அவளுக்கு அதில் துக்கம் இருந்ததா என்று தெரியவில்லை. நான் உற்றுப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் அணைக்கட்டுச் சுவரில் போய் உட்கார்ந்தோம். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. நான் கவிதை வராத கதையைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. அங்கே எப்படி இருக்கும், சொல்லு என்றாள். சிங்கத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, உன் வகுப்பு ஜன்னலில் பார்த்தால் என்ன தெரியும் என்று.

கழுதை தெரியும் என்றேன். அப்புறம் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

மழை பொய்த்த வருஷம். மவுனில் கழுதைகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்றாலும் அவை தம்பாட்டுக்குத் திரியும். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு வெளியே ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கழுதைகள் அதைக் கண்டுபிடித்து வந்து நக்க ஆரம்பித்தன. தண்ணீர் வீணாகிறது என்று நிர்வாகம் குழாயைச் சரிசெய்து பூட்டுப் போட்டுவிட்டது. கழுதைகள் வருவதை நிறுத்தவில்லை. உச்சி வெயிலில் வந்து, பூட்டிய குழாயில் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே நிற்கும். கத்தாது. ஒருநாள் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. லெசெடி என்று ஒரு பெண், வகுப்பிலேயே அதிகம் பயப்படுகிறவள், கேட்காமல் எழுந்து வெளியே போனாள். தன் பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி ஒரு கழுதைக்குக் கொடுத்தாள். ஒரு கை, இரண்டு கை. பாட்டில் தீர்ந்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட ஆரம்பித்தாள். பரீட்சை நடுவில் வெளியே போனதற்கு நான் அவளைக் கண்டித்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.

சொல்லி முடித்தபோது செண்பகம் என் பக்கம் திரும்பினாள்.

"இதை எழுதலையா நீ?" என்று கேட்டாள்.

"ஏட்டி, இது கவிதையா?"

"எனக்குத் தெரியலை. நீ கவிதைன்னு எதைச் சொல்லுதேன்னும் தெரியலை. ஆனா எனக்கு இப்பம் தண்ணி தவிக்குது."

ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் போய்க் கடையில் சோடா வாங்கிக் குடித்தோம்.

4

மறுநாள் பாளையங்கோட்டைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம். வெளியே நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள், கொக்குகள் நின்றன. நான் எதிர்பார்த்திருந்த அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தது. அப்போது வந்தது.

பூட்டிய குழாயை
நக்கிப் பார்த்துவிட்டு
கழுதை நிற்கிறது.
கோபமில்லை, குறையில்லை.
பூட்டு என்றால் என்னவென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஊர் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் குழம்பிப்போனது. இது எங்கே வந்த கவிதை? பஸ் தாமிரபரணிக் கரையில் ஓடுகிறது, கழுதை கலகாரியின் ஓரத்தில் நிற்கிறது. ஊருக்கு வந்ததால் வந்ததா, ஊரை விட்டுப் போனதால் வந்ததா?

சங்கரனிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "வந்துட்டுல்லா?" என்றார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு அவரும் யோசித்தார். "அப்பம் இங்கனயே இருந்திருவமா?" என்று கேட்டார். பேட்டையில் சொல்லிவிடட்டுமா என்று மறுபடி கேட்டார். இருங்க, பைய யோசிப்போம் என்றேன். நான் ஐந்து வருஷமாகச் சுமந்துவந்த காரணம் அந்த ஒரு டிக்கெட்டில் உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அது உடைந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போனது. ஊரில் இருப்பதற்கு ஆயிரம் நியாயம் சொல்லலாம். அண்ணன் இருக்கிறான், பாஷை இருக்கிறது, பெண் தமிழ் படிப்பாள். போவதற்கும் சொல்லலாம். அங்கே எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதக் காத்திருக்கிறார்கள், கையில் நாலு காசு சேரும். ஒவ்வொன்றையும் சொல்லும்போது சரியாக இருந்தது. இரவு படுத்தால் எதுவும் சரியாக இல்லை.

மூன்றாம் நாள் உமாவுக்குக் காய்ச்சல் கண்டது. பெரிய காய்ச்சல் இல்லை, தண்ணீர் மாறியதால் என்றார் டாக்டர். நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமல், "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். இது மாமா வீடுதானே என்றேன். "இல்ல. வீட்டுக்கு."

அந்தச் சொல்லை அவள் தமிழில் சொன்னாள். நான் கவனித்தது அதைத்தான். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு இடித்திருக்காது.

கையெழுத்துப் போட்டோம். நான் போட்டது அவளுக்காகவா, கழுதைக்காகவா, பயத்தினாலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ் ஏறும்போது மதினி அழுதாள். நான் அழவில்லை. விமானத்தில், தட்டில் வைத்த ரொட்டியைப் பார்த்து அழுதேன். சங்கரன் ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

5

அடுத்த வருஷம் ஜூலையில் இது நடந்தது.

மவுன் ஊரின் நடுவே ஓடும் ஆறு வித்தியாசமான ஆறு. அது கடலுக்குப் போவதில்லை, மணலிலேயே முடிந்துவிடும். இங்கே பெய்கிற மழையிலும் அது ஓடுவதில்லை. வடக்கே வேறு நாட்டில் பெய்த மழை மாதக்கணக்கில் நாணலுக்குள் நகர்ந்து நகர்ந்து, இங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் குளிர்காலத்தில் வந்து சேரும். சில வருஷம் ஊரை எட்டாமலே போய்விடும். அப்படித்தான் ஆறு காய்ந்து, அதன் நடுவில் பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நெயோவின் அம்மா வேலிக்கு மேலாகக் கையசைத்து என்னைக் கூப்பிட்டாள். தண்ணீர் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டதாம். அவள் பாதி ஓட்டமாக நடந்தாள். நானும் உமாவும் நெயோவும் பின்னால் போனோம். கரையெல்லாம் ஜனம். ஒருவரும் சத்தம் போடவில்லை.

முதலில் எனக்குத் தண்ணீர் தெரியவில்லை. மணல் நகர்கிற மாதிரி இருந்தது. பிறகு பார்த்தேன். ஒரு விரற்கடை உயரம்தான் இருக்கும். நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் வந்தால் நின்று நிரப்பிவிட்டு, மறுபடி ஊர்ந்தது. அதற்கு முன்னால் எறும்பும் வண்டும் சிலந்தியும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடின. கொக்குகள் தண்ணீரோடு கூடவே நடந்துவந்து அவற்றைக் கொத்தின. வெள்ளைக் கொக்குகள், மாட்டோடு திரிகிற அதே உண்ணிக்கொக்கு. நெயோவின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றின் நடுவில் போய் நின்றாள். தண்ணீர் அவள் காலைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். உமா என் கையை உதறிவிட்டு ஓடி அவள் பக்கத்தில் நின்றாள்.

அன்று ராத்திரியே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.

தண்ணீர் வருகிறது
தவழும் குழந்தை போல.
கையில் கிடைத்ததையெல்லாம்
வாயில் போட்டுக்கொண்டு
யாரையும் தேடாமல்
எல்லார் காலடிக்கும் வருகிறது.

இதில் மொபானே இல்லை, அடைப்புக்குறி இல்லை. எந்த ஊர் என்று நான் எழுதவும் இல்லை, தோன்றவும் இல்லை. ஏர்மெயில் உறையில் போட்டுச் செண்பகத்துக்கு அனுப்பினேன். இரண்டு வரி நலம் விசாரித்தேனே தவிர, ஆறு வந்த கதையை எழுதவில்லை. எழுதவேண்டும் என்று படவில்லை.

பதில் போன வாரம் வந்தது. செண்பகம் நிறைய எழுதியிருந்தாள். கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுவதை நீ இத்தனை வருஷம் கழித்து அப்படியே எழுதிவிட்டாய் என்று எழுதியிருந்தாள். சின்ன வயதில் சீவலப்பேரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, காய்ந்த வாய்க்காலுக்குள் தண்ணீருக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஓடினோமாம். என் அப்பா கரையிலிருந்து மேலே ஏறுங்கள் என்று கத்தினாராம். எங்கள் கூடவே கொக்கும் ஓடியதாம். படித்ததும் அழுதுவிட்டேன், ஊரை நீ மறக்கவே இல்லை என்று முடித்திருந்தாள். கடைசியில் ஒரு வரி, அவளும் ஏதோ கிறுக்கிப் பார்த்தாளாம், நன்றாக இல்லை, அப்புறம் அனுப்புகிறாளாம்.

நான் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வாய்க்காலில் ஓடினது எனக்கு ஞாபகமே இல்லை. படித்து முடித்த நிமிஷத்திலிருந்து எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் குரல், காலில் சூடாக ஒட்டிய வண்டல், முதுகுக்குப் பின்னால் சருகு நகரும் சத்தம். இது அன்று ஆற்றங்கரையில் எனக்குள் இருந்ததா, அவள் எழுதியதால் இப்போது வந்ததா?

அவளுக்கு உண்மையை எழுதவேண்டும் என்று தோன்றியது. அது நம் வாய்க்கால் இல்லை, இங்கே மணலில் முடிகிற வேறொரு ஆறு என்று. பேனாவை எடுத்தால் வார்த்தை வரவில்லை. சங்கரன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டையும் அவரிடம் கொடுத்து, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கவிதையைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், மறுபடி கவிதையைப் படித்தார்.

"செண்பகம் சொல்லுதது தப்புன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அப்பம் என்னத்தத் திருத்த?" என்று சொல்லிவிட்டு அவர் விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டார்.